தொடைக்குப் பின்னால் 'சுரீர்' என்று பிடித்தால்...



இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு என்றால் எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிறோம். "தொடை பிடிச்சிக்கிச்சி" என்று ஒருவர் சொன்னால் மட்டும், "அட, எண்ணெய் போட்டு நல்லா உருவி விடு, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். குலை அறுப்பவருக்கும், பால்மரம் வெட்டுபவருக்கும், நாள் முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் நம் சகோதரிகளுக்கும் காலும் தொடையும்தானே மூலதனம்! அந்தக் காலில் ஒரு தசை கிழிந்து, அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டால், மூன்று வாரத்தில் முடிய வேண்டிய சங்கதி மூன்று மாதத்துக்கு இழுக்கும். தினக்கூலியும் டன் கணக்கும் வைத்துப் பிழைக்கும் வீட்டில் மூன்று மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் அந்தத் தசை எது என்று கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு நாற்காலியின் நுனியில் உட்காருங்கள். ஒரு கையைத் தொடைக்கு அடியில், முழங்காலுக்குச் சற்று மேலே வையுங்கள். இப்போது குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்பக்கமாக இழுக்கப் பாருங்கள். கைக்குள்ளே கயிறு முறுக்கின மாதிரி இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கிறதல்லவா? அதுதான் பின்தொடைத் தசையின் நரம்புபோன்ற நுனி. டாக்டர்கள் ஹேம்ஸ்ட்ரிங் என்பார்கள். ஒரே தசை அல்ல, மூன்று தசைகள் சேர்ந்த கூட்டம். நாம் உட்காரும்போது பலகையில் அழுந்துகிற எலும்பு இருக்கிறதே, அங்கே தொடங்கி முழங்காலைத் தாண்டிக் கீழே போய்ப் பிடித்துக்கொள்கிறது. இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போவதால் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிற கூலிக்காரன் மாதிரிதான் அதன் பிழைப்பு. இடுப்பை நிமிர்த்துவதும் அதுதான், முழங்காலை மடக்குவதும் அதுதான்.

இன்னொரு வேலையும் உண்டு, அதைத்தான் பலர் அறியமாட்டார்கள். ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம் அல்லவா, அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் அதுதான். நீண்டு இழுபட்டிருக்கும் அதே நேரத்தில் பலமாகப் பிடிக்கவும் வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலும் கிழிகிறது. 2017 ஆகஸ்டில் லண்டன் உலகப் போட்டியில், தன் கடைசி ஓட்டமாகிய 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில், உசைன் போல்ட் பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். உலகத்திலேயே வேகமான மனிதனுக்கே அந்தக் கதி!

நம் ஆட்களுக்கு எப்படி வருகிறது?

நாம் போல்ட் மாதிரி ஓடுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடலில் பந்து விளையாடுகிறோம். பொங்கல், தீபாவளி விளையாட்டுப் போட்டி என்றால் 40 வயசுக்காரரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு 100 மீட்டர் ஓட வந்துவிடுகிறார்! வருஷம் முழுக்க ஓடாத கால், வயிறு நிறையச் சாப்பிட்ட உடம்பு, உடலைச் சூடாக்கிக்கொள்ளாமல் ஒரே பாய்ச்சல். 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னால் இருந்து கல்லால் அடித்தது போல இருந்தது என்று திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். கயிறு இழுக்கும் போட்டியிலும் இதே கதைதான். பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றும்போது முழுச் சுமையும் பின்தொடையில்தான் இறங்குகிறது.

வேலைக்காட்டில் இது வேறு விதமாக வரும். மழை பெய்த மறுநாள் மேட்டுத் தளங்களில் செருப்போ பூட்ஸோ வழுக்கி, ஒரு கால் முன்னால் போய், மறு கால் பின்னால் தங்கிவிடும். வாய்க்காலுக்கு மேல் போட்ட பலகையில் தள்ளுவண்டியோடு போகும்போதும் இப்படி நேர்வதுண்டு. கால் அகல விரிந்து விழுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அப்படி விழும்போது தசையின் நடுவில் கிழியாமல், உட்காரும் எலும்பிலிருந்தே நரம்பு பிய்ந்து வந்துவிடலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் திடீரென்று வருவது. மெதுவாக வருவதும் உண்டு. முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து மணிக்கணக்காகக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும்போது பின்தொடை நீண்டு இழுபட்ட நிலையிலேயே நிற்கிறது. மாலையில் உட்கார்ந்தால் பிட்டத்துக்குக் கீழே ஆழமாக ஒரு வலி. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து வந்தால் இன்னும் அதிகம். இது கிழிசல் அல்ல, எலும்போடு சேரும் இடத்தில் நரம்பு நைந்துபோவது. கிழிந்தவருக்குச் செய்கிற வைத்தியம் வேறு, இவருக்குச் செய்வது வேறு. இவர் தசையை இழுத்து இழுத்து நீட்டினால் வலி கூடத்தான் செய்யும். குனிவதைக் குறைத்து, தசைக்குப் பலம் ஏற்றினால்தான் குறையும்.

பத்து காவான் பக்கம் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள், "எங்களுக்கு இந்த வியாதி வராது" என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து தசை சுருங்கிப் போன காலோடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து விளையாட வருகிறவர்தான் முதலில் விழுவார்.

தண்ணீர்மலை வலியும் கிழிசல் வலியும்

தைப்பூசத்துக்கு ஜார்ஜ் டவுனிலிருந்து ரதத்தோடு நடந்து, தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கியவர்களுக்கு மறுநாள் காலையில் என்ன ஆகும்? கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதற்குள் அப்பாடா என்றாகிவிடும். பயந்துபோய் இதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை எடுக்கிற வலி அது. அடையாளம் சுலபம்: இரண்டு காலிலும் இருக்கும்; அன்றைக்கே வராது, மறுநாள்தான் வரும்; இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் தானாகவே குறையும். கொஞ்சம் நடந்து கொடுத்தாலே போதும். இறங்கும்போது முன்தொடைதான் அதிகம் உழைப்பதால் வலியும் அங்கேதான் கூடுதலாக இருக்கும்.

கிழிசல் வலி அப்படி அல்ல. ஒரே காலில், ஒரே இடத்தில் வரும். எந்த நொடியில் வந்தது என்று கேட்டால், "அந்தப் பந்தை எட்டி உதைச்சேன், அப்பதான்" என்று சரியாகச் சொல்வார். விரலால் அழுத்திக் காட்டச் சொன்னால் ஒரு இடத்தைத்தான் காட்டுவார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேறு சில வலிகளும் தொடை வலி என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும். இடுப்பில் தொடங்கி, பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் போல ஓடுகிறதா? மரத்துப் போகிறதா? அது முதுகுத் தண்டின் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, கனமாக இருக்கிறதா? இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். உருவவே கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முக்கியமாக இதைக் கேளுங்கள்: காய்ச்சலோடு கெண்டைக்காலும் தொடையும் கடுமையாக வலித்து, கண்ணும் சிவந்திருந்தால், அது எலிக் காய்ச்சலாக இருக்கலாம். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு வழியாக வருவது. உயிரையே எடுத்துவிடும். "தோட்டத்து வாய்க்காலில் இறங்கி வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல் மூன்று நாள்

கிழிசலை டாக்டர்கள் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் தரத்தில் சில இழைகள் மட்டும் கிழிந்திருக்கும்; நடக்கலாம், ஆனால் வேகமாக நடந்தால் வலிக்கும்; ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஆறும். இரண்டாம் தரத்தில் பாதியளவு கிழிந்து, நொண்டி நொண்டித்தான் நடக்க முடியும். நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். மூன்றாவது முழுக்கக் கிழிந்தது, மாதக்கணக்கு.

அடிபட்ட அன்றைக்கு விளையாட்டையும் வேலையையும் அங்கேயே நிறுத்துங்கள். "இன்னும் பத்து நிமிஷம்தானே, ஆடி முடிச்சிடறேன்" என்கிற பத்து நிமிஷம்தான் முதல் தரத்தை இரண்டாம் தரமாக்குகிறது. காப்பிக் கடையில் ஐஸ் வாங்கி, ஒரு மெல்லிய துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிஷம் வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, முதல் இரண்டு நாளைக்குப் போதும். ஐஸ் வலியை அடக்குமே தவிர கிழிந்ததை ஒட்டிவிடாது, ஆகவே அதிலேயே நாள் பூராவும் கிடக்க வேண்டாம். இனிப்புநீர் இருந்து தோல் மரத்துப் போனவர்கள் ஐஸை நேராக வைத்தால் தோல் புண்ணாகிவிடும், கவனம். எலாஸ்டிக் துணியால் மிதமாகக் கட்டுங்கள். கால்விரல் மரத்தால் கட்டு இறுக்கம் என்று பொருள். படுக்கும்போது காலுக்கு ஒரு தலையணை.

இப்போது செய்யக்கூடாததற்கு வருவோம். உருவக்கூடாது! முதல் சில நாளில் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கட்டை விரலால் ஆழமாக உருவினால் கசிவு அதிகமாகும். சிலருக்கு அந்த இரத்தக் கட்டு பின்னால் எலும்பு போல இறுகிவிடுவதும் உண்டு. உருவுவதில் கைராசிக்காரர்கள் நம் மக்களில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களிடம் பத்து நாள் கழித்துப் போகலாம், மெதுவாக என்று சொல்லிவிட்டு. சூட்டு ஒத்தடமும் முதல் மூன்று நாள் வேண்டாம். தைலம் தேய்த்தால் தோல் எரியும், மனசுக்கு ஆறுதல்; கிழிசல் இருக்கிற ஆழத்துக்கு அது போய்ச் சேராது. சம்சுவும் பீரும் வேண்டவே வேண்டாம். வலி தெரியாமல் போவதற்காகக் குடித்துவிட்டு அதே காலோடு நடந்து நாசப்படுத்திக்கொள்கிறார்கள். அதோடு குடி காயம் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. வலிக்கு பாராசிட்டமால் போதும். மற்ற வலி மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் விழுங்கக்கூடாது.

கண்ட மருந்தும் ஒரு ஆட்டக்காரரின் கதையும்

புக்கிட் மெர்த்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யைத் தெரியாதவர் யார்? 2014ஆம் ஆண்டு தொடையில் ஏற்பட்ட காயத்தால் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கே அவர் போகவில்லை. ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் உலகப் போட்டிக்குப் போய், இறுதி ஆட்டம் வரை வந்தார். அங்கே எடுத்த சோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து அவர் உடம்பில் இருப்பது தெரிந்து, வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டது. எட்டு மாதத் தடை. 2015 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன விசாரணைக் குழு, அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்றும், உடம்புக்கு நல்லது என்று சாப்பிட்டுவந்த கார்டிசெப்ஸ் என்கிற காளான் மருந்தின் கேப்சூல் உறை வழியாகத்தான் அது வந்தது என்றும் ஏற்றுக்கொண்டது.

பக்கத்திலேயே டாக்டர்களும் பயிற்சியாளர்களும் இருந்த உலக வீரருக்கே தான் விழுங்கும் கேப்சூலில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை! பாசார் மாலாமில் 'மூட்டு வலி, நரம்பு வலி, இடுப்பு வலி எல்லாம் ஒரே பாக்கெட்டில் போகும்' என்று விற்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இதே டெக்ஸாமெத்தசோனைக் கள்ளத்தனமாகக் கலந்த ஜாமு பொடிகளையும் மாத்திரைகளையும் நம் நாட்டு சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் வலி மாயமாய்ப் போகும், அதுதான் ஆபத்து. வலி போனதே தவிர, கிழிசல் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், வயிற்றில் இரத்தம் கசியும். திடீரென்று நிறுத்தினாலும் ஆள் மயங்கி விழுவார். பாக்கெட்டில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பல நாள் சாப்பிட்டு வந்தவர், தானாக நிறுத்தாமல், அந்தப் பாக்கெட்டையே கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டட்டும். ஏசுவார்களோ என்று வெட்கப்பட வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரி?

'டப்' என்று சத்தம் கேட்டிருந்தால், நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், ஓரிரு நாளில் தொடை முழுக்கக் கருநீலமாகி முழங்கால் வரை இறங்கினால், தடவும்போது ஒரு பள்ளம் தட்டுப்பட்டால், உட்காரும் எலும்பிலேயே வலி இருந்து நாற்காலியில் உட்கார முடியாமல் போனால், வீட்டு வைத்தியத்துக்கு அங்கே வேலை இல்லை. எலும்பிலிருந்து நரம்பு பிய்ந்து வந்திருந்தால் ஆப்பரேஷன் தேவைப்படலாம். அதை முதல் சில வாரத்துக்குள் செய்வதுதான் சுலபம்; மாதக்கணக்கில் தள்ளினால் சுருங்கிப்போன தசையை இழுத்துத் தைப்பது கஷ்டம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு செபராங் ஜெயா, புக்கிட் மெர்த்தாஜாம், சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிகளுக்கோ, தீவில் இருந்தால் ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகலாம்.

13 முதல் 17 வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டில் இப்படி விழுந்தால் பெற்றோர் அலட்சியமாக இருக்கக்கூடாது. வளரும் வயசில் தசையைவிட அது ஒட்டியிருக்கும் எலும்பு நுனிதான் பலவீனம். தசை கிழியாமல் எலும்புத் துண்டே பெயர்ந்து வரும். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். "பையன் நடிக்கிறான், ஸ்கூலுக்குப் போகாம இருக்க" என்று அதட்டி அனுப்பிவிடுகிற அப்பாக்கள் இதைப் படிப்பார்களாக!

படுத்துக் கிடந்தால் ஆறாது

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எம்.சி. கிடைத்தது என்று பாயில் படுத்தே கிடந்தால் தசை ஆறும், ஆனால் சுருங்கி, பலமில்லாத தழும்பாக ஆறும். முதல் நாள் வேலைக்குப் போய்க் குலையைத் தூக்கினதும் அதே இடத்தில் மறுபடி கிழியும். ஐரோப்பாவின் பெரிய பந்து விளையாட்டுக் குழுக்களை 2001 முதல் 2022 வரை பின்தொடர்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். பின்தொடைக் காயங்களில் 18 விழுக்காடு மறுபடி வந்தவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், திடலுக்குத் திரும்பிய இரண்டே மாதத்துக்குள் வந்தவை. சம்பளம் வாங்கும் வீரர்களுக்கே அவசரம் அப்படிச் செய்கிறது என்றால், கூலி போய்விடும் என்று மூன்றாம் நாளே வேலைக்குப் போகிற நம் நிலை என்ன?

வலி கொஞ்சம் தணிந்ததும், வழக்கமாக மூன்றாம் நாளுக்கு மேல், இப்படித் தொடங்குங்கள். பாயில் மல்லாந்து படுத்து, அடிபட்ட காலின் முழங்காலை மடக்கி, குதிகாலால் தரையை மெதுவாக அழுத்துங்கள். கால் நகரக்கூடாது, அழுத்தம் மட்டும்தான். மனசுக்குள் பத்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பல்லைக் கடிக்கும்படி வலித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். லேசான வலி பரவாயில்லை. லயத்துக்கு முன்னால் சின்ன சின்ன அடியாக நடக்கவும் தொடங்கலாம்.

அது சுலபமானதும் பாலம். நம் பினாங்குப் பாலம் அல்ல! மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பைத் தூக்குங்கள். மூன்று எண்ணிக்கை மேலே, மெதுவாகக் கீழே. பத்துப் பத்தாக மூன்று தடவை. ஒரு வாரம் கழித்துப் பாதத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, குதிகாலை மட்டும் ஊன்றிச் செய்யுங்கள். கடைசியில் ஒற்றைக் காலில்.

அடுத்தது ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஸ்க்லிங் சொல்லிக் கொடுத்தது. மல்லாந்து படுத்து, தொடையை இரண்டு கையாலும் பிடித்து, வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முழங்கால் மடங்கியே இருக்கட்டும். இப்போது முழங்காலை மெல்ல மெல்ல நீட்டுங்கள். வலி தொடங்கப் போகிறது என்று தெரிகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி மடக்குங்கள். 12 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். 75 பந்து விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து, காயம்பட்ட ஐந்தாம் நாளிலிருந்து ஒரு பகுதியினருக்கு இது போலத் தசையை நீட்டியபடியே பலப்படுத்தும் பயிற்சிகளையும், மற்றவர்களுக்கு வழக்கமான பயிற்சிகளையும் கொடுத்து அவர் பார்த்தார். முதல் பகுதியினர் சராசரி 28 நாளில் திடலுக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு 51 நாள் ஆனது. 2013ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. பயிற்சியில் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே பிசியோதெரபி பிரிவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் தவறாமல் போங்கள். "அங்க என்னா பண்றாங்க, காலைத் தூக்கி இறக்கச் சொல்றாங்க, இதுக்குப் போயி பஸ் காசு செலவு பண்ணணுமா?" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். காலைத் தூக்கி இறக்குவதுதான் ஐயா மருந்து!

தசை நீட்டும் பயிற்சிக்குக் கைலி ஒன்றே போதும். மல்லாந்து படுத்து, பாதத்தில் கைலியை மாட்டி, காலை நேராக மேலே இழுத்து 30 வினாடி வையுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்கக்கூடாது. மூன்று தடவை போதும். உடம்பு சூடான பிறகு, குளித்த பிறகு செய்தால் நல்லது. ஆனால் ஒன்று: நீட்டினால் மட்டும் தசை கிழியாது என்று நினைப்பது சரியல்ல. வளைந்து கொடுக்கிற தசையும் பலமில்லாவிட்டால் கிழியும்.

வேலைக்குத் திரும்பும் முன்

காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலைப் பார்த்துச் செய்யுங்கள். கிழிந்த இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கக்கூடாது. மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்கினால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே உயரம் வர வேண்டும். ஒற்றைக் கால் பாலம் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வர வேண்டும். மேட்டில் வேகமாக ஏறி இறங்கிப் பாருங்கள். 20 கிலோ குலையைத் தூக்கி வண்டியில் போடுவதும், நீளக் கம்பில் அரிவாளை மாட்டி இழுப்பதும் முதல் வாரத்திலேயே வேண்டாம். 'லைட் டூட்டி' என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். மண்டோர் முணுமுணுத்தால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

குனியும் விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு கையிலும் சாமான் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதுபோல முழங்காலைச் சற்று மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். பழம் பொறுக்கும் சகோதரிகள் ஒரு முழங்காலை ஊன்றிப் பொறுக்கலாம், கால் மாற்றி மாற்றி. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தடவை நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சாயுங்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றும், ஆனால் சாயங்காலம் வீட்டில் சமைக்க நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

வேலையில் விழுந்து அடிபட்டவர்கள் சொக்சோவை மறக்காதீர்கள். விழுந்த அன்றே, எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று சொல்லி ஆபீசில் எழுதி வைக்கச் செய்யுங்கள். 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. இருந்தால், கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத்தொகையாகக் கிடைக்கும். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் சொக்சோ விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். "வலிக்கல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுதி வைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டு, மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வேலையில்தான் விழுந்தது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, பந்து விளையாடும் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி. நோர்டிக் பயிற்சி என்பார்கள். கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு மட்டுமே. கிழிசல் ஆறிக்கொண்டிருப்பவர் இதைச் செய்யக்கூடாது. புல்தரையில் முட்டி போட்டு நில்லுங்கள். கூட்டாளி பின்னால் உட்கார்ந்து உங்கள் கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். முதுகையும் இடுப்பையும் நேராக வைத்து, மரம் சாய்வது போல, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுந்துகொள்ளலாம். டென்மார்க்கில் 50 குழுக்களைச் சேர்ந்த 942 ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். இதைச் செய்த பாதிப் பேருக்கு 15 காயம், செய்யாத பாதிப் பேருக்கு 52 காயம். 2011ல் வெளியான கணக்கு. முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம், மறுநாள் தொடை வலிக்கும். பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பத்து வாரத்தில் வாரம் மூன்று நாள், பத்துப் பத்தாக மூன்று சுற்று வரை போகலாம். பந்தை எடுத்து வருவதற்கு முன்னால் அல்ல, ஆட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டிரண்டு பேராகத் திடலில் தொடங்கினால், பொங்கல் போட்டிக்குள் கால் தயாராகிவிடும்.